ஸாரிக்கு என்ன எடை?

"ஸாரிங்க..."

அந்த ஒரு வார்த்தையில்தான் நவமணி அதிர்ந்து போனாள். கூடை நசுங்கிய சத்தத்துக்குக்கூட அவள் அப்படி அதிரவில்லை.

நடந்தது இதுதான். செம்பாக்கா தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ரோட்டை ஒட்டிய சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. நவமணி நிரம்பிய கூடையை முதுகிலிருந்து இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். திரிங்காப் பக்கமிருந்து முட்டைக்கோஸ் லோரி ஒன்று வந்தது. எதிரே தாப்பாவிலிருந்து ஏறி வந்த பஸ். அந்த வளைவில் இரண்டு வண்டிக்கு இடம் ஏது? லோரிக்காரன் வழிவிடுவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்தான். அப்படிப் பின்னுக்கு எடுப்பதற்குக் கோஸ்தான் அடிப்பது என்று பேர். கோஸ்தான் அடித்தவன் கண்ணாடியில் மூடுபனியைத்தான் பார்த்தான், கூடையைப் பார்க்கவில்லை. பிரம்புக் கூடை பின் சக்கரத்துக்கு அடியில் போய்... மளுக்!

நவமணிக்கு உச்சி வரை கோபம் ஏறியது. ஏறாதா பின்னே? காலையிலிருந்து நனைந்து நனைந்து எடுத்த கொழுந்து. லோரிக்காரன் இறங்கி வந்து என்ன சொல்வான் என்பதும் அவளுக்குத் தெரியும். 'கூடைய ரோட்டுலயா வெப்பே? கண்ணு எங்க இருக்கு?' என்று அவன்தான் முதலில் கத்துவான். எல்லா லோரிக்காரனும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்க அவள் நல்ல நல்ல வார்த்தைகளாக வாயில் தயாராக வைத்திருந்தாள்.

அவனோ குதித்து இறங்கினான்... நசுங்கிய கூடையைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான்... "ஸாரிங்க. தப்பு என் மேலதான்" என்றான்.

வாயில் இருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாதது அல்ல. எழுபத்தெட்டாம் வருஷத்தில் ஸாரி தெரியாத தோட்டம் உண்டா? கொழுந்து எடுக்கும்போது முழங்கை இடித்துக்கொண்டால் ரஞ்சிதம்கூட "ஸாரிடி" என்பாள். அது விளையாட்டு. ஆனால் ஒரு ஆம்பளை, அதுவும் முன்பின் தெரியாதவன், கொழுந்து எடுக்கும் பெண்ணிடம், மழையில் நின்று, நெஞ்சில் கைவைத்து ஸாரி சொல்வதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றாள்.

"ஸாரின்னு..."

"அதக் கொண்டு போயித் தராசுல மாட்டுனா என்ன எடை காட்டும்?"

அவன் விழித்தான். "அது... தெரியலயே லா."

"தெரியாதுல்ல? கொழுந்து பூரா உங்க டயருக்கு அடியில சட்னியா கெடக்கு. எங்கப்பாதான் இங்க கங்காணி. அவரு கொழுந்தத்தான் நிறுப்பாரு, ஸாரிய நிறுக்க மாட்டாரு."

பக்கத்துத் தேயிலை நிரையிலிருந்து ரஞ்சிதம் களுக்கென்று சிரித்தாள்.

"ரொம்ப ஸாரிங்க..."

"இன்னொண்ணா! மொத சொன்னதையே இன்னும் எடை போடல!"

அவனும் சிரித்துவிட்டான். சிரித்தபோது இமையில் நின்ற மழைத்துளி கன்னத்தில் இறங்கியது. 'கண்ணைப் பாரேன்... தப்புப் பண்ணினவனுக்கு இவ்வளவு தெளிவான கண்ணா?' என்று அவள் மனசு அவளைக் கேட்காமலே நினைத்தது. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். இந்த வயசுக்காரர்கள் எல்லாம் பெண்பிள்ளையிடம் பேசினால் வார்த்தைக்கு வார்த்தை தங்கச்சி என்பார்கள். இவன் சொல்லவில்லை.

அவன் லோரி மேல் தாவி ஏறினான். ஒரு மூங்கில் கூடையில் இருந்த கோஸையெல்லாம் கொட்டிவிட்டு, காலிக் கூடையை அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிரைக்குள் திரும்பியதும், அவனும் பின்னாலேயே செடிகளுக்குள் இறங்கினான்.

"ஐயையோ... எங்க வர்றீங்க?"

"போனத எடுத்துக் குடுத்துட்டுப் போறேன். நானும் மண்ணுல வேலை செஞ்சவன்தாங்க. லெம்பா பெர்த்தாம்ல எங்களுக்குக் காய்கறித் தோட்டம் இருக்கு. எம் பேரு காளியண்ணன்."

"பேரெல்லாம் யாரு கேட்டா? அது முத்துன எலை... அதப் போயி கிள்ளுறீங்க! நுனியில பாருங்க, ரெண்டு எலை, நடுவுல ஒரு மொட்டு..."

"இப்படியா?"

"அப்படித்தான். ஆனா நீங்க வேணாம்..."

அவன் கேட்டால்தானே! குனிந்து குனிந்து கிள்ளினான். கை நிறைந்ததும் நிமிர்ந்தான். ஒரு பிடி கொழுந்து. அதை அவளுடைய கூடையில் போட்டான்.

சரிவில் அத்தனை கையும் நின்றுவிட்டது.

தூறல் இலையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. காளியண்ணன் சுற்றிலும் பார்த்தான். தலைமுண்டு கட்டிய பெண்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு அவனையே பார்த்தார்கள். நவமணியின் முகம் வெளுத்திருந்தது. கூடையை இடுப்போடு பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நின்றாள்.

பாவம், பெர்த்தாம்காரனுக்கு எப்படித் தெரியும்? செம்பாக்கா தோட்டத்தில் கல்யாணம் முடிந்து பெண் முதல்நாள் வேலைக்குப் போகும்போது, மாப்பிள்ளை அவளுடைய நிரைக்குள் இறங்கி ஒரு பிடி கொழுந்து கிள்ளி அவள் கூடையில் போடுவான். அதற்குக் கை சேர்க்கிறது என்று பேர். தாலி கோயிலில், கை சேர்க்கிறது மலையில். அன்றிலிருந்துதான் இரண்டு பேரும் ஒரே கூடைக்குக் கொழுந்து எடுக்கலாம். மற்றபடி கூடப்பிறந்த அண்ணனாக இருந்தாலும் ஒரு பெண்ணின் கூடையில் ஆம்பளை கை படாது.

இத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கல்யாணத்திலும் முதல் குலவை, அதே சரிவில் நின்ற பாஞ்சாலை அக்காவுடையதுதான். அந்தப் பழக்க தோஷம்... கூடையில் கொழுந்து விழுந்ததைப் பார்த்ததும் நாக்கு அதுபாட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"உலுலுலுலு..."

மலை முழுக்கக் கேட்டது அந்தக் குலவை. "அடிப்பாவி அக்கா!" என்று ரஞ்சிதம் அவள் வாயைப் பொத்துவதற்குள், மேலேயிருந்து இன்னொரு சத்தம் இறங்கி வந்தது.

"எவன்டா அவன்!"

பழனியப்பன் கங்காணி. நவமணியின் அப்பா. கையில் கம்பு.

காளியண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பு மட்டும் நன்றாகப் புரிந்தது. கீழே ரோட்டை அடைத்து நின்ற லோரிக்குப் பின்னால் வேறு வண்டிகள் வந்து ஹார்ன் அடித்துத் தீர்த்தன. அவன் விழுந்தடித்து இறங்கி ஓடினான். வண்டி நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "கூடைக்கு ஸாரிங்க!" என்று கத்திக்கொண்டே போனான்.

*

சாயங்காலத்துக்குள், தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்க இதே பேச்சு. குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில்கூட நவமணியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வீட்டுக்குள் கங்காணி கூண்டில் அடைத்த புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"ஸாரியாம்ல ஸாரி! லயத்துக் கூரை ஒழுகுதுன்னு நான் போயி நின்னப்ப தொரையும் இதத்தான் சொன்னாரு, ஸாரி கங்காணின்னு. அப்படின்னா முடியாது, போன்னு அர்த்தம். ஒங்காத்தா போனப்ப..."

அவர் நிறுத்திவிட்டார். நவமணிக்குத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்றைக்கு வெளியே வந்த டாக்டர் அப்பாவின் தோளில் கைவைத்துச் சொன்ன ஒரே வார்த்தையும் அதுதான். அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்கிற வார்த்தை அது.

ஆனால் விதியைப் பாருங்கள்... அதே வார்த்தைதான் இப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாப்பாவிலிருந்து நவமணியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். கங்காணிக்குக் கை நழுவவிட மனசில்லாத இடம். குலவைச் சத்தம் தாப்பாவரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. மறுநாளே ஆள் வந்துவிட்டது. 'அந்த லோரிக்காரன் பெரட்டுல, எல்லாரும் நிக்கையில வந்து, தெரியாமப் பண்ணிட்டேன், ஸாரின்னு சொல்லட்டும். எங்க பெரியவரும் வந்து காதால கேக்கட்டும். அப்புறம் பொண்ணு பாக்க வர்றோம். இல்லாட்டி வேணாம்.'

பெரட்டு என்றால் விடிந்ததும் வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் முன்னால் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. தோட்டத்தில் ஒரு பேச்சு எல்லார் காதிலும் விழ வேண்டுமென்றால் அங்கேதான் பேசியாக வேண்டும்.

"அவன் எங்க இருந்தாலும் பிடிச்சுக்கிட்டு வரணும்" என்றார் கங்காணி. "அந்த வார்த்தைய அவன் வாயால சொல்ல வெக்கணும். எம் பொண்ணு மானம் அதுல நிக்குது."

நவமணி அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் பட்டது. 'சொல்லிட்டா முடிஞ்சிரும்... ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்... நல்லதுதானே?' என்று நினைத்தாள். நல்லதாக இருந்தால் நெஞ்சு ஏன் இப்படிக் கனக்கிறது?

*

பிடித்துக்கொண்டு வர யாரும் போக வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரஞ்சிதத்தோடு தானா ராத்தா டவுனுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டது மழை. ரஞ்சிதம் நூல்கண்டு வாங்கக் கடைக்குள் போனாள். நவமணி பஸ் நிற்கும் இடத்தில் ஒதுங்கினாள். அங்கே... அவன்!

கையில் புதுப் பிரம்புக் கூடை.

"அட!" என்றான் காளியண்ணன். முகம் அப்படியே மலர்ந்தது. "உங்களுக்குத்தான் வாங்கிக்கிட்டு வர்றேன். கங்காணி கம்போட இருப்பாரேன்னு எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியாம..."

பக்கத்தில் நின்ற ஒருவர்மேல் கூடை இடித்தது. "ஸாரி" என்றான். பின்னால் நகர்ந்தான். படுத்திருந்த நாயின் வாலில் கால் பட்டது. "ஸாரி, ஸாரி" என்றான்.

நவமணிக்கு எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது. "நாய்கிட்டயுமா?"

"அதுக்கும் வலிக்குமில்ல?"

"உங்களுக்கு வேற வார்த்தையே தெரியாதா?"

"தெரியும். ஆனா இது வந்துருது. லோரிக்காரங்க எல்லாம் என்னைய ஏசுவாங்க. ரோட்டுல ஸாரின்னு சொல்லாதடா, சொன்னா நீயே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி, போலீஸ் உம் பேர எழுதிக்கிட்டுப் போயிருவான்னு." அவன் கூடையைக் கீழே வைத்தான். "என்னால முடியாதுங்க. தப்புன்னு மனசுக்குப் பட்டிருச்சுன்னா சொல்லிறணும். சொல்லாட்டி சோறு எறங்காது. மனசுக்குப் படலேன்னா... என்ன அடிச்சாலும் வராது. சும்மா வாய்க்காகச் சொல்றது இல்ல."

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. சொல்லித்தானே ஆக வேண்டும்? தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க அன்னிக்கு என்ன பண்ணுனீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கூடைய நசுக்குனேன்."

"அது இல்ல... அப்புறம்."

"கொழுந்து எடுத்துப் போட்டேன். முத்துன எலையா போச்சோ?"

அவள் சொன்னாள். கை சேர்க்கிறது என்றால் என்ன, குலவை எதற்கு, அப்பா கம்போடு ஏன் ஓடி வந்தார்... எல்லாம். சொல்லச் சொல்ல அவன் கண் விரிந்துகொண்டே போனது. கடைசியில் நனைந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப... எனக்குக் கல்யாணமே ஆயிருச்சா?"

"ச்சீ! ஆகல. ஆகாத கல்யாணத்துக்குக் குலவை போட்டாச்சு. அதான் வினை."

"அம்மாடி..." அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதுங்க... சத்தியமா தெரியாது."

"தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு." அவள் குரல் தழைந்தது. "நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வரணும். எல்லாரு முன்னாடியும், தெரியாமப் பண்ணிட்டேன், ஸாரின்னு சொல்லணும்."

"சொன்னா?"

"ஞாயித்துக்கெழம தாப்பாவுலேருந்து என்னைய பொண்ணு பாக்க வருவாங்க."

"சொல்லாட்டி?"

"வர மாட்டாங்க."

தகரக் கூரையில் மழை கொட்டியது. அவள் நிமிர்ந்தாள். அவனும் அப்போதுதான் நிமிர்ந்தான். நேருக்கு நேர்... எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கண்ணில் சிரிப்பில்லை. என்னவோ கேட்டது. 'வாயைத் திறந்து கேளுங்களேன்' என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"உங்கப்பாவுக்கு இது ரொம்ப முக்கியமா?" என்றான்.

"எம் மானம் அதுல நிக்குதுன்னு சொல்றாரு."

"நான் வர்றேங்க" என்றான் காளியண்ணன். "காலையில வர்றேன்."

அவ்வளவுதானா! இவ்வளவு லேசாகவா! நவமணிக்குச் சுரீரென்றது. வரச் சொன்னது அவள்தான், வருகிறேன் என்கிறான், இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் கோபம் வந்தது. கண்ணில் நீர்கூட வந்தது. கூடையை வாங்காமல், குடைகூட இல்லாமல், மழையில் இறங்கி விடுவிடென்று நடந்தாள்.

"ஏய் நவமணி! எங்கடி ஓடுறே?" என்று நூல்கண்டோடு பின்னால் ஓடி வந்தாள் ரஞ்சிதம்.

*

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் ஆபீஸ் முன்னால் கூட்டம். மூடுபனியில் பக்கத்தில் நிற்பவர் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. வழக்கமாக வேலைக்கு வராதவர்கள்கூட, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். தாப்பாப் பெரியவர் வெள்ளை வேட்டியும் மப்ளருமாகக் கங்காணிக்குப் பக்கத்தில் நின்றார்.

காளியண்ணன் வந்தான். வெள்ளைச் சட்டை. தலையைப் படிய வாரியிருந்தான். கூட்டம் தானாக வழிவிட்டது.

நவமணி பெண்கள் வரிசையில் கடைசியில் நின்றாள். இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. 'சொல்லிட்டுப் போகட்டும். போயி முட்டைக்கோஸ் ஏத்தட்டும். எனக்கென்ன?' என்று நினைத்துக்கொண்டாள். கண் மட்டும் அந்த வெள்ளைச் சட்டையை விட்டு நகரவில்லை.

"சொல்லு" என்றார் கங்காணி.

காளியண்ணன் தொண்டையைச் செருமினான். "எல்லாருக்கும் வணக்கங்க. கண்ணாடிய ஒழுங்காப் பாக்காம கோஸ்தான் அடிச்சேன், கூடைய நசுக்குனேன். அதுக்கு ஸாரி."

"ம்" என்றார் தாப்பாப் பெரியவர்.

"பொம்பளைங்க வேலை செய்யிற நிரைக்குள்ள கேக்காம எறங்குனேன். அதுக்கும் ஸாரி. கங்காணி ஐயா கூப்பிடக் கூப்பிட நிக்காம ஓடிட்டேன். பயம்... ஸாரிங்க." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் பாஞ்சாலை அக்காவைப் பார்த்தான். "உங்களுக்கும் என்னால ஏச்சு. ஸாரிக்கா."

"அட விடுய்யா" என்று பாஞ்சாலை அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கூடையில கொழுந்து போட்டதுக்குச் சொல்லு" என்றார் கங்காணி. "அதான் விசயம். அதச் சொல்லு."

அவன் கங்காணியை நேராகப் பார்த்தான்.

"சொல்லுடா."

"அது உங்க வழக்கம்னு எனக்குத் தெரியாதுங்க, ஐயா. தெரியாமத்தான் போட்டேன். அது நெசம்."

"சரி. ஸாரின்னு சொல்லி முடி."

"அத மட்டும் சொல்ல வரலீங்க."

கிராணி எழுந்து நின்றுவிட்டார்.

"என்னது?" என்றார் தாப்பாப் பெரியவர்.

"நேத்து ராத்திரி பூரா சொல்லிப் பாத்தேங்க. லோரி ஓட்டிக்கிட்டே தனியா சொல்லிப் பாத்தேன். வரல." காளியண்ணன் நிறுத்தவில்லை. "ஸாரின்னு சொன்னா, அத நான் செஞ்சிருக்கக் கூடாதுன்னு அர்த்தம். எனக்கு அப்படித் தோணல. தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தா மொறையா வந்து கேட்டுட்டுப் போட்டிருப்பேன். ஆனா போட்டிருப்பேங்க. ஐயா, எனக்கு உங்க பொண்ணப் பிடிச்சிருக்கு."

"ஆத்தாடி!" என்றது பெண்கள் வரிசை ஒரே குரலில்.

நவமணிக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. பிடித்திருக்கு என்றா சொன்னான்? பெரட்டில் நின்றா? அப்பா முன்னாலா?

கங்காணியின் முகம் கறுத்துவிட்டது. கம்பு கையில் இறுகியது. அவர் காளியண்ணன் பக்கம் ஒரு அடி வைத்தார். அதற்குள் தாப்பாப் பெரியவர் மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பொறு பழனியப்பா. இவன் கெடக்கான், ரோட்டுல போறவன். பொண்ணு ஒரு வார்த்தை சொல்லட்டும். அவ பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தா, இவன் தெரியாம வந்து பண்ணிட்டான், அவ மேல தப்பில்லைன்னு அவ வாயாலயே சொல்லிறட்டும். நாங்க நாளைக்கு வர்றோம். சொல்லும்மா."

எல்லாத் தலையும் திரும்பியது.

இதைவிட நல்ல வழி கிடைக்குமா? ஒரே ஒரு வார்த்தை. 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொன்னால் போதும். அப்பாவின் மானம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமும் வரும். அந்த வெள்ளைச் சட்டை பனியில் இறங்கிப் போய்விடும்... அப்புறம் வராது.

நவமணி வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"அவருக்குத் தெரியாது" என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். "அவருக்கு நம்ம வழக்கம் தெரியாது. அது நெசம்."

"ஆங்!" என்றார் தாப்பாப் பெரியவர்.

"ஆனா எனக்குத் தெரியும்."

ரஞ்சிதம் வாயில் கைவைத்தாள்.

"அவரு நிமிர்ந்தப்பவே கையில கொழுந்தப் பாத்தேன். கூடைக்குத்தான் வருதுன்னு தெரியும். கூடைய இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்திச்சு, பெரியப்பா." அவள் அப்பாவைப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது, துடைக்கக்கூட இல்லை. "நான் திருப்பலப்பா. வேணும்னேதான் கூடையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

காளியண்ணன் சிலையாகிப் போனான். அவளையே பார்த்தான். கண் கலங்கியது.

தாப்பாப் பெரியவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். அவர் போவதைக் கங்காணி பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கூப்பிடவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சறுக்கிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

மகளிடம் வந்தார். இந்தத் தோட்டத்தில் அவர் எத்தனையோ கல்யாணம் பேசி முடித்திருக்கிறார். பெண் சம்மதமா என்று கேட்டால், பெண்ணைப் பெற்றவர்தான் பதில் சொல்வார். அவருடைய சொந்தக் கல்யாணத்திலும் நவமணியின் அம்மாவை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை, கடைசிவரைக்கும்.

"ஏம்மா..." என்றார். கங்காணிக் குரல் எங்கோ போயிருந்தது. "ஒனக்கு இவனப் பிடிச்சிருக்கா?"

பெரட்டு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

நவமணி காளியண்ணனைப் பார்த்தாள். தலையைக் குனியவில்லை. அப்பா கேட்டேவிட்டாரே! பிறகு, கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"பிடிச்சிருக்குப்பா."